'குருமா' என்று கூப்பிட்ட பிள்ளை

2022 ஜூன் 13, திங்கட்கிழமை. கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். திருப்பூரை ஒட்டிய ஒரு கிராமத்தில், ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள் இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. அன்று காலை ஒன்பது வயதுப் பெண் பிள்ளை ஒருத்தியைச் சேர்த்தோம். குடும்பம் ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா பனியன் கம்பெனியில் டைலர். அம்மா அதே கம்பெனியில் பிசிறு வெட்டுகிறார்.

நான் வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை எழுந்து நின்று, தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று கேட்பதற்காக என்னைக் கூப்பிட்டாள். "குருமா!"

வகுப்பு மொத்தமும் சிரித்தது. ஒரு பையன் "புரோட்டா எங்கே?" என்றான். நானும் சிரித்துவிட்டேன். அவள் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

ஒடியாவில் பெண் ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். குருவும் நீயே, அம்மாவும் நீயே என்கிற அழைப்பு அது. இருபது வருடப் பணியில் அதைவிட மரியாதையாக என்னை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கு அது தெரியவருவதற்குள் நான்கு நாள் ஓடியிருந்தது. இன்று வரை உறுத்துகிற சிரிப்பு அது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவள் வரவில்லை. சிரித்ததால்தான் வரவில்லை என்று நினைத்து, வியாழக்கிழமை மாலை வீட்டைத் தேடிப் போனேன். எட்டு வீடுகள் வரிசையாக இருக்கும் லைன் வீடு, பொதுவாக ஒரே குழாய். கதவு நிலைக்கு மேலிருந்த கொக்கியில் ஒரு பழைய சேலையைக் கட்டி, அதில் அவள் ஆடிக்கொண்டிருந்தாள். காலில் சிவப்புச் சாயம், உடம்பில் புதுப் பாவாடை. அம்மா அன்று ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார்.

எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேசிப் பார்த்தேன். அவருக்கும் இந்தி அரைகுறைதான். அவர்களுடைய மொழி ஒடியா. நாங்களோ எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி 'இந்திக்காரங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அவரும் ஒடிசாதான். திருப்பூருக்கு வந்து ஆறு வருடம் ஆனவர், தமிழ் நன்றாகவே பேசுவார். அவர் சொல்லித்தான் 'ரஜொ' என்ற பண்டிகையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். ஜூன் நடுவில் மூன்று நாள். பூமித்தாய்க்கு அது மாதவிலக்குக் காலம் என்று அங்கே நம்பிக்கை. ஏர் பூட்ட மாட்டார்கள், மண்ணை வெட்ட மாட்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் எந்த வேலையும் கிடையாது. புதுத்துணி உடுத்தி ஊஞ்சல் ஆடுவதுதான் வேலை. பிள்ளை வராததற்குக் காரணம் அதுதான்.

சரி, என் சிரிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மனசு லேசானது. அந்த நிம்மதி கொஞ்ச நேரம்தான் இருந்தது. கிளம்பும்போது அம்மா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். அக்கா அதைத் தமிழில் சொன்னார்: "குருமாங்கிறது உங்க ஊர்ல கெட்ட வார்த்தையாங்க டீச்சர்?"

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். வெள்ளிக்கிழமை வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் கேட்டேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று விளக்கினேன். "நானும் சிரிச்சேன், அது தப்பு" என்று ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் நம்மைக் குறைவாக நினைப்பார்கள் என்று ஒரு பயம் இருக்கிறது இல்லையா? நான் பார்த்தவரை அப்படி நடக்கவில்லை. புரோட்டா என்று சொன்ன பையன் இடைவேளையில் அவளிடம் போய் ஒரு மிட்டாய் கொடுத்தான்.

அன்றைக்குப் பிறகு எங்கள் பள்ளியில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தோம். வெளியூர்ப் பிள்ளை யார் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போவது. குறை சொல்லப் போவதோ விசாரணைக்குப் போவதோ கிடையாது. கேட்கப் போவது, அவ்வளவுதான். வீட்டில் என்ன பேசுவீர்கள், பிள்ளையை எப்படிக் கூப்பிடுவீர்கள், எதைச் சாப்பிட மாட்டாள், எந்தெந்தப் பண்டிகைக்கு ஊருக்குப் போவீர்கள், இங்கே யாரை நம்பி இருக்கிறீர்கள். ஐந்தே கேள்வி. குறிப்பேட்டில் எழுதிக்கொள்வேன். எழுதுவதற்கு முன் "எழுதட்டுமா?" என்று கேட்பேன். காகிதத்தைப் பார்த்தாலே பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இதில் பெயர் என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஒடியாப் பெயர்கள் பலவற்றில் கடைசியில் ஒரு 'ஒ' ஒலி வரும். நாம் அதை விழுங்கிவிட்டு, நம் வாய்க்கு வந்தபடி சுருக்கிக் கூப்பிடுகிறோம். பிள்ளை இரண்டு நாளில் அதற்கும் தலையாட்டப் பழகிவிடும். அதுதான் வருத்தம். இப்போது அம்மாவையே பெயரைச் சொல்லச் சொல்லி செல்போனில் பதிவு செய்துகொள்கிறோம். வகுப்பில் எல்லாரும் நான்கு முறை சொல்லிப் பார்ப்போம். ஐந்து நிமிட வேலை.

அடுத்த தவறும் என்னுடையதுதான். தமிழ் தெரியாது என்பதால் அந்த ஒன்பது வயதுப் பிள்ளையை முதல் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காரவைத்திருந்தேன். கல்வி உரிமைச் சட்டம் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், தேவையான சிறப்புப் பயிற்சியும் தர வேண்டும் என்கிறது. பதிவேட்டில் நான்காம் வகுப்பு என்றுதான் எழுதினேன். உட்காரவைத்தது மட்டும் ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவில். முழங்கால் பெஞ்சில் இடிக்க அவள் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

இரண்டாவது வாரத்தில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. நான்காம் வகுப்பில் எட்டாம் வாய்ப்பாட்டில் எல்லாரும் தடுமாறினார்கள். அவள் மூலையில் உட்கார்ந்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். சத்தமாகச் சொல் என்று சைகை காட்டினேன். எழுந்து நின்று, அவர்கள் 'பணிகியா' என்று சொல்லும் வாய்ப்பாட்டைப் பாட்டு மாதிரி சொல்ல ஆரம்பித்தாள். பதினேழாம் வாய்ப்பாடு வரை நிற்கவில்லை. மொழி புரியாவிட்டாலும் அது வாய்ப்பாடு என்பது எல்லாருக்கும் புரிந்தது.

அன்றே இடத்தை மாற்றினேன். கணக்குக்கும் மற்றப் பாடங்களுக்கும் வயதுப் பிள்ளைகளோடு, தமிழ் நேரத்தில் மட்டும் அடிப்படை எழுத்துப் பயிற்சி. அந்த வருடம்தான் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்கு எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிப்போம். அதிலிருந்த அரும்பு நிலைச் செயல்பாடுகளை இவளுக்கும் எடுத்துக்கொண்டேன். தமிழில் அரும்பாக இருக்கிற பிள்ளை கணக்கில் மலராக இருக்கலாம். மொழி தெரியாததை அறிவு இல்லாததாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் ஆசிரியர்களாகிய நம்மிடம் நிறையவே இருக்கிறது.

இன்னொரு நாள் கரும்பலகையில் அவளுடைய பெயரை ஒடியாவில் எழுதச் சொன்னேன். "டீச்சர், வட்ட வட்டமா இருக்குங்க, மலையாளமா?" என்றார்கள். பனையோலையில் எழுத்தாணியால் நேர்க்கோடு இழுத்தால் ஓலை கிழியும், அதனால் எழுத்துகள் உருண்டன என்று சொன்னேன். நம் தமிழும் அதே ஓலையில் வளர்ந்ததுதான் என்றேன். தமிழைச் செம்மொழி என்று அரசு அறிவித்தது 2004-ல், ஒடியாவை 2014-ல். பிள்ளைகளுக்கு அந்த ஆண்டுகளெல்லாம் பெரிதாகப் படவில்லை. "என் பேரை எழுதிக் குடு" என்று நோட்டை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தும் அவள் எழுதிக்கொண்டே இருந்தாள்.

குடும்பங்களைப் பள்ளிக்குள் கொண்டுவருவதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகல் நடக்கும். திருப்பூரில் பெரும்பாலும் ஒன்றரை ஷிப்டு. காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டரைக்குத்தான் வருவார்கள். இரண்டு மணி நேரம் அனுமதி கேட்டால் அரை ஷிப்டுக் கூலி போகும். பீஸ் ரேட்டில், அதாவது தைக்கிற உருப்படிக் கணக்கில் கூலி வாங்குபவர்களுக்கு, இன்னும் கூடுதலாகவே போகும். "அவங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே இல்லைங்க" என்று கூட்டத்தில் சொல்லப்பட்டபோது நானும் தலையாட்டியவள்தான். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்கு ஓய்வு. ஆக, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, லைன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து பேசத் தொடங்கினோம். முதல் முறை நான்கு பேர். மூன்றாவது முறை இடம் போதவில்லை. என் ஞாயிற்றுக்கிழமை போகிறதே என்று எனக்கும் தோன்றியது உண்மை. அதனால் நானும் இன்னோர் ஆசிரியரும் மாதம் விட்டு மாதம் மாற்றிக்கொண்டோம். ஒருவரே இழுத்துக்கொண்டு போனால் ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது.

மொழிபெயர்ப்பில் இரண்டு முறை தடுக்கி விழுந்தேன். முதலில் ஆள் கூட்டிவந்த காண்ட்ராக்டரையே பேசச் சொன்னோம். அவருக்குத் தமிழும் இந்தியும் நன்றாக வரும். ஆனால் பெற்றோர் வாயே திறக்கவில்லை. எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" என்றார்கள். கூலியும் குடியிருப்பும் அவர் கையில் இருக்கும்போது வேறென்ன சொல்வார்கள்? அடுத்து, தமிழ் கற்றுக்கொண்ட பெரிய பிள்ளைகளைப் பேசவைத்தோம். ஒரு பையன் படிக்காமல் சுற்றுவதை அவனுடைய அக்கா வாயாலேயே அப்பாவுக்குச் சொல்லவைத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் எவ்வளவு பெரிய பாரம்! அவள் தம்பிக்கு அடி விழாதபடி பாதியை மாற்றித்தான் சொல்லியிருக்கிறாள், அதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன்பின் பக்கத்து வீட்டு அக்கா போன்ற, யாருக்கும் மேலாளாக இல்லாத பெரியவர்களை மட்டுமே கேட்கிறோம். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் தமிழ் எழுத்தில் செய்தி போடுவதை விட்டோம். நான் தமிழில் பேசி அனுப்புவேன். அக்கா அதையே ஒடியாவில் பேசி அனுப்புவார். பீகார்க் குடும்பங்களுக்கு இந்தியில் பேச இன்னொருவர் வந்தார். எந்த மொழியிலும் படிக்கத் தெரியாத நம்ம ஊர்ப் பெற்றோர் சிலரும், "இப்பத்தானுங்க டீச்சர் குரூப்புல என்ன சொல்றீங்கன்னே தெரியுது" என்றார்கள். வெளியூர்க்காரருக்கென்று செய்தது உள்ளூர்க்காரருக்கும் வாசலைத் திறந்தது.

வீட்டுக்குப் போனதால் மட்டுமே தெரியவந்த இன்னொன்று. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாரத்தில் மூன்று நாள்தான் வருவாள். சோம்பேறி என்று நினைத்திருந்தோம். வீட்டில் இரண்டரை வயதுத் தம்பி இருந்தான். அம்மா ஷிப்டுக்குப் போனால் அவனைப் பார்த்துக்கொள்வது இவள்தான். எங்கள் வளாகத்துக்குள்ளேயே அங்கன்வாடி இருக்கிறது. அங்கே சேர்க்கலாம் என்பதே அந்த அம்மாவுக்குத் தெரியாது. தம்பியைச் சேர்த்த அடுத்த வாரத்திலிருந்து அக்கா தினமும் வந்தாள்.

சாப்பாட்டிலும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். ஒரு வியாழக்கிழமை சத்துணவு முட்டையை ஒரு பிள்ளை தொடவில்லை. சத்து வேண்டாமா என்று நானே வற்புறுத்தினேன். அவள் அழுதுவிட்டாள். மார்கசிர மாதத்து வியாழக்கிழமைகளில் அவர்கள் வீட்டில் லட்சுமி பூசை, அன்று அசைவம் இல்லை. புரட்டாசிச் சனிக்கிழமையில் நம்ம வீட்டுப் பிள்ளையிடம் இப்படி நான் வற்புறுத்தியிருப்பேனா? முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுப்பது ஏற்கெனவே உள்ள நடைமுறைதான். நாங்கள்தான் கேட்கவில்லை. சத்துணவு அக்கா இப்போது யாருக்கு எந்த நாள் முட்டை வேண்டாம் என்பதை மனப்பாடமாகச் சொல்வார்.

உள்ளூர்ப் பெற்றோரின் எதிர்ப்பைச் சொல்லாமல் விட்டால் இது அரைகுறையாகிவிடும். "வடக்கத்திப் பிள்ளைங்க சேரச் சேர நம்ம பிள்ளைங்க படிப்பு கெடும், தனி வகுப்பு போடுங்க" என்று ஒரு கூட்டத்தில் கோரிக்கை வந்தது. நான் சட்டத்தைச் சொல்லி வாதாடினேன். யார் காதிலும் ஏறவில்லை. அப்போது குழுத் தலைவியான அம்மா எழுந்தார். அருந்ததியர் தெருவைச் சேர்ந்தவர், இதே பள்ளியில் படித்தவர். "நாங்க படிக்கறப்ப எங்களைத் தனியாத்தானுங்க உக்கார வெச்சாங்க. தண்ணியும் தனி. அந்தப் பெஞ்சு எங்க கெடந்துச்சுன்னு இப்பவும் காட்டட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தனி வகுப்பு என்ற பேச்சு அதற்குப் பிறகு எழவே இல்லை. எல்லாருடைய மனமும் அன்றே மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இரண்டு குடும்பங்கள் அந்த வருடமே பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றின. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். வெளிமாநிலப் பிள்ளைகளுக்காக இவ்வளவு யோசித்த நான், இந்த ஊர்ப் பிள்ளைகள் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பதை அதுவரை உன்னிப்பாகப் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பார்க்கிறேன்.

2023 மார்ச் தொடக்கத்தில் வந்ததுதான் பெரிய சோதனை. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்தது. ஊரிலிருந்து பாட்டிகளும் மாமாக்களும் அழுதுகொண்டு போன் செய்ய, லைன் வீடுகளில் பாதிப் பேர் மூட்டை கட்டினார்கள். ஹோலி நேரம் வேறு, கிளம்ப அதுவும் ஒரு காரணமானது. பள்ளிக்கு வெளிமாநிலப் பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. தலைவி அம்மாவும் இன்னும் மூன்று அம்மாக்களும் என்னோடு லைன் வீட்டுக்கு வந்தார்கள். "நாங்க கூட்டிட்டுப் போறோம், நாங்களே கொண்டாந்து விடுறோம்" என்று அக்கா மூலம் சொன்னார்கள். முதல் நாள் இரண்டு பிள்ளைகள்தான் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வாரத்தில், ஊருக்குப் போகாமல் இருந்த எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். அந்த எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் இல்லையென்றால், முகம் தெரியாத நான்கு பெண்கள் கையில் எந்தத் தாய் பிள்ளையைக் கொடுப்பாள்?

நீண்ட விடுப்பு இன்றைக்கும் தீராத பிரச்சினை. தீபாவளிக்கு ஆறு நாள் கழித்து சத் பூசை. பீகார், ஜார்க்கண்ட் குடும்பங்கள் தன்பாத் எக்ஸ்பிரஸ் ஏறினால் திரும்ப ஒரு மாதம் ஆகும். முன்பெல்லாம் இடைநின்றவர் என்று குறித்து, எமிஸ் என்கிற கல்வித் துறை இணையப் பதிவேட்டில், எந்தப் பள்ளியிலும் இல்லாத பிள்ளைகளுக்கான 'காமன் பூல்' பட்டியலுக்குத் தள்ளிவிடுவோம். திரும்பி வரும்போது முதலிலிருந்து அலைச்சல். இப்போது டிக்கெட் எடுத்ததும் தேதியைச் சொல்லிவிடச் சொல்கிறோம். பையில் இரண்டு புத்தகமும் ஒரு நோட்டும் வைத்து அனுப்புவோம். வாரம் ஒரு முறை குரலில் பேசிக்கொள்வோம். அந்த நோட்டு பாதிக்குப் பாதி வெறுமையாகத்தான் திரும்புகிறது. ஆனால் பிள்ளை திரும்புகிறது.

விழா மேடையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆண்டு விழாவில் ஒடியாப் பிள்ளையை ஒடியா உடையில் நிறுத்தி, 'ஒற்றுமை' என்று பலகை பிடிக்கவைத்து, நாங்களும் ஒரு முறை செய்தோம். கைதட்டல் கிடைத்தது. அந்தப் பிள்ளை முகம் வாடியிருந்தது. தன்னை வேறு ஆளாகக் காட்டுவதை எந்தப் பிள்ளை விரும்பும்? சமத்துவப் பொங்கலுக்கு வேறு மாதிரி செய்தோம். அம்மாக்கள் எல்லாரையும் வாசலில் கோலம் போடக் கூப்பிட்டோம். ஒடிசா அம்மாக்கள் அரிசியை ஊறவைத்து அரைத்து, விரலால் தொட்டு லட்சுமியின் பாதங்களை வரைந்தார்கள். அவர்கள் அதை 'ஜோட்டி' என்கிறார்கள். நம்ம ஊர்ப் பாட்டி ஒருவர் பார்த்துவிட்டு, "எங்க அம்மா அரிசி மாவுலதான் போடுவாங்க, இப்ப எல்லாம் கல்லுப்பொடி" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். யாரும் யாரையும் மேடையில் ஏற்றவில்லை. எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

2024-ல் மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தபோது, ஆறு வருடத் தமிழ் பேசிய அந்த அக்கா முறைப்படி உறுப்பினரானார். அதற்குள் அவருக்கு எட்டு வருடத் தமிழ். குழுவில் அவர் கொண்டுவந்த முதல் கோரிக்கை ஊஞ்சல். எங்கள் பள்ளி வேப்பமரத்தில் ஆடிப் பதினெட்டுக்கு நம்ம பிள்ளைகள் தூரி கட்டி ஆடுவது பழைய வழக்கம். அதை ஜூனிலேயே, ரஜொவுக்கே கட்டினால் என்ன என்று கேட்டார். தலைவி அம்மா உடனே கணக்குப் போட்டார். ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் 3 வரை ஏழு வாரம், சாதாரணக் கயிறு தாங்காது, வடக்கயிறாக வாங்க வேண்டும்.

2025 ஜூனில் அப்படியே கட்டினோம். கிளையில் கயிறு அறுக்காமல் இருக்கச் சாக்கு சுற்றினோம். வாரம் ஒரு முறை முடிச்சைச் சோதிக்கும் பொறுப்பு இரண்டு அம்மாக்களுக்கு, ஒருவர் உள்ளூர், ஒருவர் ஒடிசா. என்னைக் குருமா என்று கூப்பிட்ட பிள்ளை அதற்குள் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள். ரஜொவின் முதல் நாள் மாலை தம்பியோடு வந்து ஆடினாள். இறங்கி வந்து, சுத்தமான கொங்குத் தமிழில், "கயிறு கொஞ்சம் எறக்கமா இருக்குதுங்க குருமா, இன்னும் ஒசத்திக் கட்டோணும்" என்றாள்.

மறுநாள் உயர்த்திக் கட்டினோம்.